ஊதா மூடி

பஸ் காவிரிப் பாலத்தில் ஏறும்போதுதான் அக்காவுக்குச் சந்தேகம் வரும். ஆய்வகத்து உறைபெட்டியின் கதவு சரியாக மூடியிருக்கிறதா என்கிற சந்தேகம். கே.கே. நகர் தாண்டி இருந்த எங்கள் பல் மருத்துவக் கல்லூரியிலிருந்து மாலை ஐந்துக்குக் கிளம்பி, சத்திரம் பேருந்து நிலையம் வரைக்கும் நிம்மதியாகத்தான் வருவார். ஜன்னலில் தண்ணீர் தெரிந்ததும் காலடியில் கிடக்கும் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வார். பாலம் முடிந்து மாம்பழச் சாலையில் பஸ் நின்றதும் இறங்கி, சாலையைக் கடந்து, எதிரே வரும் பஸ்ஸில் ஏறித் திரும்பிவிடுவார். இன்னும் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தால் வீடு வந்திருக்கும். ஸ்ரீரங்கத்தில் அடையவளஞ்சான் தெருவில் அவர் வீடு.

நான் கல்லூரிக்குப் பக்கத்திலேயே ஓர் அறையில் தங்கியிருந்தேன். ஆறரை வரை ஆய்வகத்தில் இருப்பேன். கதவு திறக்கும். அவர் நேராக உறைபெட்டிக்குப் போவார். கைப்பிடியை ஒருமுறை அழுத்துவார். வெப்பநிலை எண்ணைப் பார்ப்பார். மறுபடி ஒருமுறை அழுத்திவிட்டு, "போயிட்டு வரேன்" என்பார்.

ஒருநாள் நான்தான் மூடினேன் என்று சொன்னேன்.

"நீ மூடினது தெரியும். மூடியிருக்கான்னு தெரிய வேணாமா?"

அவருடைய கணவர் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தார். சாந்தமான மனிதர். இப்படியான மாலைகளில் என் கைபேசிக்கு அழைத்து, "அங்க திரும்பி வந்துட்டாளாம்மா?" என்று மட்டும் கேட்பார். வந்துவிட்டார் என்று சொன்னால், சரி, அப்படியானால் இட்லிப் பானையை இன்னும் ஒரு மணி நேரம் கழித்து வைக்கிறேன் என்பார். எத்தனையோ வருடங்களாக அவர் வீட்டு இட்லிப் பானை அந்த உறைபெட்டிக் கதவை அனுசரித்துத்தான் அடுப்பேறியது.

எதையும் எழுதி வைப்பது என் பழக்கம். அவர் திரும்பி வந்த நாட்களை ஒரு தாளில் குறித்துக்கொண்டே வந்தேன். நான்கு மாதத்தில் பதினொரு முறை. பதினொரு முறையும் கதவு மூடித்தான் இருந்தது. அந்தத் தாளை அவரிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கவனமாகப் படித்தார். மடித்துத் திருப்பித் தந்தார்.

"பன்னெண்டாவது தடவைக்கு என்ன போட்டிருக்க?" என்றார்.

நான் உயிர்வேதியியல் படித்துவிட்டு, ஈறு நோய்த் துறையில் ஆராய்ச்சி உதவியாளராக இரண்டு வருடம் இருந்தேன். அவர் அதே துறையில் டெக்னீஷியன்; நாங்கள் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். கட்டடத்துக்கு வெள்ளையடிப்பதற்கு முன்பே வந்தவர் என்று மற்றவர்கள் சொல்வார்கள். ஆனாலும் காகிதத்தில் அவர் எனக்குக் கீழே. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சாதாரணமாக என்னை நீ, வா, போ என்று பேசுவார். கோபம் வந்தால் மட்டும் "மேடம்" என்பார். "மேடம் சொல்லிட்டீங்கன்னா சரிங்க மேடம்" என்று அவர் சொன்னால் அன்று முழுக்க நான் சொல்வது எதுவும் நடக்காது.

அவர் நிற்கிற இடத்தில் நிற்கமாட்டார். ஒரு ஸ்டூலில் முழுதாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நுனியில் ஒரு நிமிடம், அவ்வளவுதான். தராசை வைத்த மேசை ஆடுகிறதா என்று அழுத்துவார். லேபிள் ஒட்டிய குழாயை எடுத்து லேபிளை நகத்தால் சுரண்டிப் பார்ப்பார். தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு, அடியில் உள்ளங்கையை நீட்டிச் சொட்டுகிறதா என்று காத்திருப்பார். ஆனால் கணக்குத் தவறி வந்த எண்களைக் கண்டால் அவருக்குப் பதற்றம் கிடையாது. சரியாக வந்த எண்கள்தான் அவரைத் தூங்கவிடாது. தப்பா வந்தா அதுவே நம்மளக் கூப்பிட்டுச் சொல்லிடும், சரியா வந்ததுதான் வாயத் திறக்காது என்பார்.

அவருடைய பையில் என்னென்ன இருக்கும் என்று எனக்கு மனப்பாடம். சாப்பாட்டு டப்பா, குடை, பூட்டுச் சாவிக்கு இரண்டு நகல்கள், ஒரு கொய்யா, கொய்யாவை வெட்ட ஒரு சின்னக் கத்தி. மதியம் அந்தக் கொய்யாவைக் கண்ணாடித் தாள் மாதிரி மெல்லிசாகச் சீவி, ஒவ்வொன்றாகக் கடைவாயில் வைத்து மெல்லுவார். நான் முழுக் கொய்யாவைக் கடித்துத் தின்பதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். சிரிக்கும்போது இடது கை தானாக வாய்க்குப் போய்விடும். பழைய காலத்துக் கூச்சம் என்று நினைத்தேன். முதல் வாரத்திலேயே இதையெல்லாம் கவனித்துவிட்டேன். ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கத்தான் இல்லை.

நோயாளிகளிடம் டாக்டர்கள் சொல்லிவிட்டுப் போன பிறகு அவர்கள் அவரிடம்தான் வந்து கேட்பார்கள். வலியே இல்லையே, பல் மட்டும் ஏன் ஆடுகிறது? எல்லோரும் கேட்பது இதைத்தான். பல்லில் பூச்சி அரிக்கிறது என்று அவர்களே ஒரு பதிலும் வைத்திருப்பார்கள். அதற்கு அவர் மலைக்கோட்டையடிவாரக் கதை ஒன்று வைத்திருந்தார். அவர் பிறந்த வீடு அங்கே துணிக்கடைச் சந்து ஒன்றில், கடைக்கு மேல் மாடியில். சின்ன வயதில் ஒருநாள் மத்தியானம் கீழே கடையில் தீப்பிடித்தது. எரிந்தது இரண்டு கட்டுத் துணி. அணைக்க வந்தவர்கள் கடப்பாரையோடு வந்தார்கள். ஷட்டரை நெம்பினார்கள், அலமாரிகளைப் பெயர்த்தார்கள், நல்ல துணியையெல்லாம் தண்ணீரில் எறிந்தார்கள். முன்னால் நின்றவர்கள் தீயை அணைத்துவிட்டார்கள். பின்னால் நின்றவர்களுக்கு அது தெரியவில்லை. அவர்கள் சுவரை இடித்துக்கொண்டே இருந்தார்கள். மாடிப்படி அன்றைக்குப் போனதுதான்.

"தீ எரிச்சது ரெண்டு கட்டுங்க. காப்பாத்த வந்தவங்க உடைச்சதுதான் கடை" என்று நிறுத்துவார். பிறகு விஷயத்துக்கு வருவார். பல் இடுக்கில் சேரும் அழுக்கும் கிருமியும் தீ. அணைக்க வருவது நம் ரத்தத்தின் வெள்ளை அணுக்கள். அவற்றின் கையில் இருக்கும் கடப்பாரைதான் என்சைம் என்கிற நொதி. பல்லையும் தாடை எலும்பையும் கட்டிப் பிடித்திருக்கும் நாரை அது வெட்டும். கிருமியின் வழியை அடைக்க வந்தது, நாரையும் வெட்டி, எலும்பையும் கரைத்துவிட்டுப் போகும். நம் ஆள்தான், நம் வீட்டைத்தான் இடிக்கிறான், அதனால்தான் வலிக்கவில்லை.

நிறுத்தச் சொல்ல ஆள் இல்லையா என்று ஒருமுறை ஒருவர் கேட்டார். இருக்கிறது, உடம்பே அதற்கும் ஒன்றை வைத்திருக்கிறது என்றார். "ஆனா கூட்டம் ஜாஸ்தியாயிட்டா அவன் குரல் கேக்காதுங்க."

அப்படிக் கேட்டவர் வையம்பட்டிக்காரர். நாற்பத்தைந்து வயது இருக்கும். கடலை விவசாயம். கீழ் முன்பற்கள் ஆறும் லேசாக ஆடின. அவர் வந்தது அழகுக்காக இல்லை. காயவைத்த கடலை பதமாகிவிட்டதா என்று முன்பல்லால் ஒரு காயை உடைத்துத்தான் பார்ப்பாராம். உடைகிற சத்தத்தில் தெரிந்துவிடுமாம். இப்போது உடைக்க முடியவில்லை. மனைவியிடம் கொடுத்து உடைக்கச் சொல்கிறாராம்.

"அவ எதைக் குடுத்தாலும் காஞ்சிருச்சுன்னுடறாங்க" என்றார். "மூட்டை கட்டி வச்சா உள்ள பூத்துப்போவுது."

அடுத்தவர் வாயை நம்ப முடியாத இந்த மனிதரை அக்காவுக்கு உடனே பிடித்துவிட்டது.

அந்த வருடம் எங்கள் துறைத் தலைவர் ஓர் ஆய்வு நடத்திக்கொண்டிருந்தார். நாங்கள் சார் என்று கூப்பிடுவோம். முப்பது நோயாளிகள். முதலில் ஈறைச் சுத்தம் செய்துவிட்டு மூன்று மாதம் ஒரு மாத்திரை கொடுப்பது. கிருமியைக் கொல்லும் அளவு அல்ல. நொதியின் கையைப் பிடித்து நிறுத்தும் அளவு மட்டும். மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஈறின் ஓரத்தில் சின்னக் காகிதத் துண்டு ஒன்றைச் செருகி, அது உறிஞ்சிய ஈரத்தைத் திரவத்தில் கரைத்து, குழாயில் அடைத்து உறையவைப்போம். பிறகு நொதி வெட்டினால் ஒளிரும் ஒரு பொருளோடு அதைக் கலந்து கருவியில் வைத்தால் எண் வரும். எண் பெரிது என்றால் உள்ளே வெட்டு நடக்கிறது. சிறிது என்றால் அடங்கிவிட்டது. பார்வைக்கு இரண்டுங்கெட்டானாக இருந்த சிலருக்கு அந்த எண்ணை வைத்துத்தான் முடிவு. அடங்கியிருந்தால் அட்டையில் சிகிச்சை முடிந்தது என்று எழுதி அனுப்பிவிடலாம். இல்லையென்றால் ஈறைத் திறந்து சுத்தம் செய்யும் அறுவை. வையம்பட்டிக்காரர் அந்தச் சிலரில் ஒருவர். திறக்க வேண்டியதைத் திறக்காமல் அனுப்பினால் ஒன்றிரண்டு வருடத்தில் ஆறு பல்லும் போய்விடும்.

இரண்டாவது மாதிரிகளை எடுத்தது நான். அது வைகுண்ட ஏகாதசி வாரம். ஸ்ரீரங்கத்துக்குள் பஸ்ஸை விடமாட்டார்கள், அவர் வீட்டிலோ தரிசனத்துக்கு வந்த உறவுக்காரர்கள் பதினைந்து பேர், அதனால் அவர் விடுப்பு. வெள்ளை மூடி போட்ட எங்கள் சின்னக் குழாய்கள் தீர்ந்துவிட்டன. நான் ரத்தப் பரிசோதனைப் பிரிவில் போய்க் குழந்தைகளுக்கு ரத்தம் எடுக்கும் சின்னக் குழாய்களை வாங்கி வந்தேன். என் சரிபார்ப்புப் பட்டியலில் குழாய்க்கு நான்கு வரிகள் இருந்தன. புதியதா, மூடி இறுக்கமா, எண் எழுதியதா, ஐஸில் வைத்ததா. நான்கிலும் டிக் போட்டேன். மூடியின் நிறத்துக்கு என் பட்டியலில் வரி இல்லை.

எண்கள் வந்த அன்று சார் எல்லோருக்கும் டீயும் போண்டாவும் சொன்னார். முப்பது பேருக்கும் நொதி கிட்டத்தட்ட இல்லை. அடுத்த சனிக்கிழமை மதுரையில் ஒரு கூட்டத்தில் அதைப் பேசப் போவதாகச் சொன்னார். அக்கா மட்டும் போண்டாவைத் தொடவில்லை. காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தார்.

"ஏன் எல்லாருக்கும்?" என்றார் என்னிடம். "பாதியில மாத்திரைய நிறுத்திட்டேன்னு ரெண்டு பேர் என்கிட்டச் சொன்னாங்க. அவங்களுக்குமா?"

சில உடம்பு அப்படி இருக்கும் என்றேன். நான் பதற்றமில்லாமல் பேசக்கூடியவள். அன்று அது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"மேடம் சொன்னா சரிங்க மேடம்."

திங்கட்கிழமை வையம்பட்டிக்காரர் அட்டை வாங்க வந்தார். கிணற்றடி மரத்துக் கொய்யா ஒரு பை கொண்டுவந்திருந்தார். மாத்திரை கேட்டுவிட்டது என்று தெரிந்ததில் மனிதருக்கு ஒரே சந்தோஷம். வராந்தாவில் நின்றபடியே ஒரு கொய்யாவை எடுத்து, சட்டையில் துடைத்து, பயந்து பயந்து முன்பல்லால் கடித்தார். வெள்ளைச் சதையில் கடித்த இடத்தின் ஓரமாக நூல் மாதிரி ஒரு சிவப்புக் கோடு. அவர் அதைப் பார்க்கவில்லை; மென்றுகொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற எங்கள் அக்கா பார்த்துவிட்டார்.

உள்ளே போனவர் வெறுங்கையோடு வெளியே வந்து, அட்டை எங்கோ மாறிப்போய்விட்டது, வியாழக்கிழமை வாருங்கள் என்றார். வையம்பட்டிக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. ரெண்டு பஸ் மாறி வர்றவனுக்கு ஒரு அட்டைய பத்திரமா வச்சிருக்க மாட்டீங்களா, இது என்ன ஆஸ்பத்திரியா சந்தையா என்றார். எல்லாவற்றையும் அக்கா தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். கொய்யாப் பையை மட்டும் அந்த மனிதர் மறக்காமல் எங்களிடமே விட்டுவிட்டுப் போனார். கோபத்திலும் கொண்டுவந்ததைத் திருப்பி எடுத்துப் போகத் தெரியாத மனிதர்.

"அட்டை என் சாப்பாட்டுப் பையில இருக்கு" என்றார் அவர் அன்று மதியம், கொய்யாவைச் சீவிக்கொண்டே.

சார் கையெழுத்துப் போட்ட அட்டை. அது ஏன் தவறு என்று நான் மூன்று காரணம் சொன்னேன். நோயாளியின் ஆவணம், அலைச்சல், எங்கள் துறைக்குக் கெட்ட பெயர். பொறுமையாகக் கேட்டார்.

"நாலாவது நீ சொல்லல. வேலை போகும்" என்றார்.

செவ்வாய்க்கிழமை முழுவதும் அவர் உறைபெட்டியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். கடைசியில் இரண்டு பெட்டிகளை வெளியே எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மாத்திரைக்கு முன் எடுத்தவை, வெள்ளை மூடிகள். பின் எடுத்தவை, ஊதா. மூடி ஏன் மாறியது என்று கேட்டார். அந்த வாரம் ஸ்டோரில் வெள்ளை இல்லை என்றேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார், பெட்டிகளைப் பார்த்தார், திருப்பி உள்ளே வைத்தார். அன்று மாலை மாம்பழச் சாலையிலிருந்து அவர் திரும்பி வரவில்லை. அதுவே எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

புதன்கிழமை காலை எட்டுக்கு நான் போனபோது ஆய்வகத்தில் விளக்கெரிந்தது. கருவி சூடாகிவிட்டிருந்தது. தொண்ணூற்றாறு குழிகள் கொண்ட தட்டில் இரண்டே இரண்டு குழிகளை நிரப்பி வைத்துக்கொண்டு ஸ்டூலின் நுனியில் இருந்தார்.

"ஒரே ஆளு, ஒரே ஈறு. கரைச்சதப் பாதிப் பாதியா ஊத்தியிருக்கேன். இது வெள்ளை மூடியில இருந்தது. இது ஊதா."

பொத்தானை அழுத்தினார். திரையில் ஒரு கோடு ஏறத் தொடங்கியது. ஏறி, எங்கள் முப்பது பேரில் யாருக்கும் வராத உயரத்துக்குப் போனது. இன்னொரு கோடு அடியிலேயே தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது.

எனக்கு அந்த நொடியில் புரிந்தது. ஊதா மூடிக் குழாயின் உள்சுவரில் ரத்தம் உறையாமலிருக்க ஓர் உப்பைப் பூசியிருப்பார்கள். கால்சியம், துத்தநாகம் போன்றவற்றை அது இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். எங்கள் நொதிக்குத் துத்தநாகம் இல்லாமல் வெட்டத் தெரியாது. கடப்பாரையைக் குழாய் பிடுங்கிக்கொண்டுவிட்டது. ஈறில் வெட்டு நின்றிருக்கவில்லை. இது நான் படித்தது, தேர்வில் இரண்டு பக்கம் எழுதியது. மூடியைக் கையில் எடுத்தபோது அது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அன்று எனக்கு அது சுத்தமான ஒரு குழாய், அவ்வளவுதான்.

கைகால் ஓடவில்லை. ஆனால் பழக்கம் ஓடியது. பதிவேட்டை எடுத்தேன், தேதி எழுதினேன், மாதிரி எண் என்ற கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு கேட்டேன்.

"இது யாரோடதுக்கா?"

இடது கை வாய்க்குப் போனது.

"யாரோடதா இருந்தா என்ன? கோடு ரெண்டும் தெரியுதில்ல."

யாருடையது என்று எழுதாத மாதிரியை சார் ஏற்றுக்கொள்ளமாட்டார் என்றேன். அதுவும் சனிக்கிழமைக் கூட்டத்தை வைத்துக்கொண்டு. பெயரில்லாமல் வந்த இரண்டு கோடுகளுக்காக முப்பது பேரின் எண்களை யார் குப்பையில் போடுவார்கள்? நாளைக்கு வியாழக்கிழமை. வையம்பட்டிக்காரர் வந்துவிடுவார். இதை நான் வரிசையாகத்தான் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே மெல்லிசாகச் சீவிய கொய்யாவும், சிரிப்பை மறைக்கும் கையும், நான் கடிப்பதையே பார்த்துக்கொண்டிருக்கும் கண்களும் எனக்குள் வந்து ஒன்றாக நின்றன. பாதியில் நிறுத்திவிட்டேன்.

அவர் எழுந்து உறைபெட்டி வரை போனார். கைப்பிடியை அழுத்தினார். திரும்பி வந்தார். மறுபடி போனார். மூன்றாவது முறை வந்தபோது என் கையிலிருந்து பேனாவை வாங்கி, அந்தக் கட்டத்தில் தன் பெயரை, தலைப்பெழுத்தோடு, முழுசாக எழுதினார். அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அன்று அவர் எழுதியதே போதும்.

சார் இரண்டு கோடுகளையும் வெகுநேரம் பார்த்தார். பிறகு பெயரைப் பார்த்தார். குழாய் எடுத்தது யார் என்று கேட்டார். நான் என்றேன். நான் அந்த வாரம் லீவு போட்டிருக்கக் கூடாதுங்க சார் என்று அவர் குறுக்கே சொன்னார். சார் எங்கள் இருவரையும் திட்டவில்லை. மதுரைக்கு ஃபோன் செய்து தான் வரவில்லை என்றார். கொடுத்துவிட்ட அட்டைகளையெல்லாம் திரும்ப வாங்கச் சொன்னார்; நோயாளிகளை ஒவ்வொருவராக நானே கூப்பிட வேண்டும், காரணத்தையும் நானே சொல்ல வேண்டும் என்றார். முப்பது பேரிடமும் சொன்னேன். ஆய்வு ஒரு வருடம் தள்ளிப்போனது.

பிறகு சார் அவரிடம் திரும்பி, வாயைக் காட்டுங்கள் என்றார். அவர் தலையசைத்து மறுத்துவிட்டார்.

வியாழக்கிழமை வந்த வையம்பட்டிக்காரரிடம் சாப்பாட்டுப் பையிலிருந்து அட்டையை எடுத்து அக்காவே காட்டினார். ஒளித்து வைத்தேன் என்று அவரே சொன்னார். அவர் அட்டையையும் இவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கொய்யா நல்லாயிருந்துச்சா என்று மட்டும் கேட்டார். வெள்ளை மூடியில் மறுபடி எடுத்த மாதிரியில் எண் பெரிதாகவே வந்தது. ஈறைத் திறந்து பார்த்தபோது உள்ளே எண் சொன்னதற்கும் மேலாகவே கரைந்திருந்தது. ஆறில் ஒன்றைக் காப்பாற்ற முடியவில்லை. ஐந்து நின்றன. ஆறு மாதத்துக்குக் கடலை உடைக்கக் கூடாது என்றதும், அப்ப இந்தப் போகத்துக்கும் அவ சொல்றதுதானா என்று வருத்தப்பட்டுக்கொண்டே போனார்.

அக்காவுடைய வாய்தான் மீதி இருந்தது. ஏன் காட்டமாட்டேன் என்கிறீர்கள் என்று நான் கேட்டதற்கு, முதலில் நாளைக்கு என்றார், பிறகு ஆடி கழியட்டும் என்றார். ஒருநாள் உண்மையைச் சொன்னார்.

"இங்க நாற்காலியில உக்காந்தா இருபது பசங்க சுத்தி நின்னு எட்டிப் பார்ப்பாங்க. எல்லாம் என்கிட்ட ஸ்லைடு வாங்கிட்டுப் போற பசங்க. நாளைக்கு என்னப் பார்த்தா என் மூஞ்சியா தெரியும்? ஈறுதான் தெரியும்."

எத்தனை வருடமாக ஆடுகிறது என்று கேட்டதற்கு ஐந்து இருக்கும் என்றார். ஐந்து வருடமும் அவர் அதை விட்டுவைக்கவில்லை. நாக்கால் தள்ளிப் பார்ப்பாராம். விரலால் ஆட்டிப் பார்ப்பாராம். நேற்றைக்கு இன்றைக்கு எவ்வளவு என்று, காலையில், மதியம், பஸ்ஸில், பாலத்தில். ரத்தம் வருகிறதா என்று அழுத்தித் தேய்த்துப் பார்ப்பாராம். எனக்குக் கேட்கவே சங்கடமாக இருந்தது. எங்களையெல்லாம் காப்பாற்றிய அதே கை, காவல் காக்கிறேன் என்று சொந்த வாயை இடித்துக்கொண்டிருந்தது. நிறுத்து என்று சொல்ல ஆள் இல்லை. இருந்தாலும் அவருக்குக் கேட்டிருக்காது.

நான் தினமும் கேட்டேன். காலையில் வந்ததும் கேட்டேன், கொய்யா சீவும்போது கேட்டேன், பஸ் ஏறும்போது கேட்டேன். இந்த முறை தாளில் குறிக்கவில்லை.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாணவர்கள் யாரும் இல்லாத துறையை சார் எங்களுக்காகத் திறந்தார். உறிஞ்சு குழாயைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நான் நின்றேன். கணவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்தார். மரத்துப்போகும் ஊசி போட்ட பிறகும் அவர் நாற்காலியிலிருந்து எழுந்து, கருவிகளை வேகவைக்கும் பெட்டியின் விளக்கு எரிகிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு வந்தார். மூன்றாவது முறை எழுந்தபோது சார் அவருடைய தோளில் கை வைத்து, "எரியுதுங்க. நான் பார்த்துட்டேன்" என்றார். அவர் என்னைப் பார்த்தார். நானும் பார்த்துவிட்டேன் என்றேன். படுத்துக்கொண்டார்.

கீழே முன்பற்கள் இரண்டை எடுக்க வேண்டியதாயிற்று. மற்றவற்றைக் கம்பியால் சேர்த்துக் கட்டி, பிறகு அந்த இடைவெளியில் பொய்ப்பல்லும் வைத்தார் சார். இனிமேல் தொட்டுப் பார்க்கக் கூடாது, நீங்கள் தொடுவதே அவற்றை ஆட்டுகிறது என்று கண்டிப்பாகச் சொன்னார். வாயில் பஞ்சோடு அவர் தலையாட்டினார். எங்கள் மூவரில் யாரும் அதை நம்பவில்லை என்று நினைக்கிறேன்.

நான் அந்த வேலையை விட்டு வெளியூர் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. இப்போது என் பட்டியல்களில் ஒவ்வொரு பிரிவின் அடியிலும் ஒரு வரியைக் காலியாக விட்டுவைக்கிறேன். உடன் வேலை செய்கிறவர்கள் அது எதற்கு என்று கேட்கிறார்கள். பன்னிரண்டாவதற்கு என்று சொன்னால் அவர்களுக்குப் புரியாது.

சென்ற முறை திருச்சிக்குப் போயிருந்தபோது சத்திரத்தில் ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறினேன். மூன்றாவது வரிசையில், இருக்கையின் நுனியில், அவர். என்னைப் பார்த்ததும் சிரித்தார். கை பாதி வரை எழுந்து மடியிலேயே இறங்கிவிட்டது. பக்கத்தில் இடம் விட்டார். சார் ஓய்வு பெற்றுவிட்டாராம். வெள்ளை மூடிக் குழாய்களை இப்போது பீரோவில் பூட்டிச் சாவியை அக்காவே வைத்திருக்கிறாராம். வையம்பட்டிக்காரர் வருடத்துக்கு ஒருமுறை பையோடு வந்துவிடுவாராம்.

பஸ் பாலத்தில் ஏறியது. ஆற்றில் தண்ணீர் ஒரு ஓரமாகப் போய்க்கொண்டிருந்தது. அவர் காலடியில் கிடந்த பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். நான் அவருக்கு வழிவிடுவதற்காகக் கால்களை ஒதுக்கிக்கொண்டேன்.

பைக்குள் கையை விட்டு ஒரு கொய்யாவை எடுத்தார். கத்தியை எடுக்கவில்லை. முந்தானையில் துடைத்துவிட்டு, நேராக முன்பல்லால் கடித்தார். கடித்த இடத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"நீ பார்த்துச் சொல்லு."

பார்த்தேன். வெள்ளையாக இருந்தது.

மாம்பழச் சாலை வந்தது. நான்கைந்து பேர் இறங்கினார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. கொய்யாவை மறுபக்கம் திருப்பி, அங்கே ஒருமுறை கடித்துப் பார்த்தார்.